டபுள்-டபுள்: கடிதம்

வணக்கம் சார்,

சான் ஹோசேயில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி இன்-என்-அவுட் பர்கர் கடையில் ஒரு டபுள்-டபுள் (இரண்டு அடுக்கு இறைச்சி, இரண்டு துண்டு சீஸ் வைத்த பர்கர்) சாப்பிட்டால்தான் எனக்கு வாரம் முடியும். போன வருடம் வேலை போய் இரண்டு மாதம் சும்மா இருந்தபோதும் அதை விடவில்லை. "ஒரு கம்பெனிக்குப் போய் ரசிகனா இருக்கியே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் மனைவி சைவம். கூட வருவாள், ஆனால் அவளுக்கும் இது பிடிபடவில்லை. சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதுகிறவர் நீங்கள். ஒரு செயின் கடையை இவ்வளவு நேசிப்பது ரசனைக் குறைவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லவே இல்லை. நானும் அந்தக் கடையின் ரசிகன். லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கை வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் விமான நிலையத்திலிருந்து முதலில் போன இடம் அதுதான். வீட்டுக்கு அப்புறம்தான் போனோம்.

உங்கள் நண்பர்கள் 'கம்பெனி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 1948-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் மெக்டொனால்ட் சகோதரர்கள் சான் பெர்னார்டினோவில் தங்கள் பழைய கடையை மூடி, சமையலறையையே மாற்றி அமைத்து, பர்கரை மளமளவென்று போட்டுத் தரும் கடையாகத் திறந்தார்கள். அதே வருடம் அக்டோபரில், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில், பால்ட்வின் பார்க்கில் ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் ஒரு சின்னஞ்சிறு கடை போட்டார்கள். அதுதான் முதல் இன்-என்-அவுட். ஹாரி விடிவதற்கு முன்பே போய் இறைச்சியும் காய்கறியும் வாங்கி வருவார். எஸ்தர் கணக்குப் பார்ப்பார். காரில் உட்கார்ந்தபடியே பேசி ஆர்டர் சொல்ல ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஹாரியே செய்து மாட்டினார்.

ஒன்று ஃபிரான்சைஸ் கொடுத்து, அதாவது தன் பெயரில் கடை நடத்தும் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்து, உலகம் பூராவும் போனது. இன்னொன்று 44 வருடம் கலிஃபோர்னியாவை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. 1992-இல்தான் லாஸ் வேகாஸ் போனது. இன்றுவரை யாருக்கும் ஃபிரான்சைஸ் கிடையாது, பங்குச் சந்தையிலும் கிடையாது. இப்படி மெல்லப் பரவியதற்குக் காரணம் சுலபமானது: இறைச்சியை உறைய வைப்பதில்லை. கடைகளில் ஃப்ரீசரே இல்லை. அவர்களுடைய சொந்தக் கூடத்தில் தட்டிய இறைச்சி லாரியில் ஃபிரெஷ்ஷாக வந்து சேர வேண்டும். லாரி எட்டுகிற தூரம்தான் கடையின் எல்லை. 2011-இல் டெக்சஸில் கடை திறக்கும்போதும், முதலில் டல்லாஸ் பக்கம் அதற்கென்று ஒரு கூடம் கட்ட வேண்டியிருந்தது. வளர்வதற்காகக் கைப்பக்குவத்தை மாற்றிக்கொள்ளாத ஒரு கடை இது. எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

மரியாதை வேறு, பிரியம் வேறு. பிரியம் வந்தது ஒரு உருளைக்கிழங்கால். வரிசையில் நிற்கும்போது கவுண்டருக்குப் பின்னால் எல்லாமே தெரியும், கவனித்திருப்பீர்கள். இருபது வயதுப் பையன் ஒருவன்; வெள்ளைச் சட்டை, காகிதத் தொப்பி, சிவப்பு ஏப்ரன், அதைப் பிடித்து நிற்கும் பெரிய ஊக்கு. சுவரில் மாட்டிய ஒரு இரும்புக் கருவியில் முழு உருளைக்கிழங்கை வைத்துக் கைப்பிடியை இழுக்கிறான். டக்கென்று ஒரு சத்தம். கீழே தொட்டியில் குச்சி குச்சியாக விழுகிறது. அடுத்தது. மறுபடி டக். நான் நின்ற கால்மணி நேரமும் அந்தக் கை நிற்கவில்லை.

பெரும்பாலான செயின் கடைகளில் ஒருமுறை பொரித்து உறைய வைத்ததைத்தான் மறுபடி பொரித்துத் தருகிறார்கள். இங்கே பச்சைக் கிழங்கு, ஒரே ஒரு முறை எண்ணெயில். அதனால் ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். "பர்கர் சரி, ஃபிரைஸ்தான் சரியில்லை" என்று உங்கள் நண்பர்களில் ஒருவராவது சொல்லியிருப்பார். நான் அந்தத் தளர்ந்த ஃபிரைஸின் கட்சி. அதில் கிழங்கின் ருசி இருக்கிறது. மொறுமொறுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு 'வெல் டன்' என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் பொரித்துத் தருவார்கள்.

மெனுப் பலகையில் இருப்பது பர்கர், சீஸ்பர்கர், டபுள்-டபுள், ஃபிரைஸ், ஷேக், குடிக்க ஏதாவது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவருக்குத் தெரிவது. கடுகு விழுது தடவிச் சுட்ட இறைச்சி, வதக்கிய வெங்காயம், கூடுதல் ஸ்ப்ரெட் (பர்கரில் தடவும் அவர்களுடைய சாஸ்) எல்லாம் சேர்ந்த 'அனிமல் ஸ்டைல்' எனக்கு மச்சான் சொல்லித்தான் தெரியும். அவருக்கு அவருடைய அறை நண்பர். உங்கள் மனைவி வாங்குவது 'கிரில்டு சீஸ்' ஆகத்தான் இருக்கும்: இறைச்சி இல்லாமல் சீஸ், தக்காளி, லெட்யூஸ், ஸ்ப்ரெட். அதுவும் பலகையில் இல்லை. அப்படியானால் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? ரசிகன் செய்கிற வேலை இதுதான். அவருக்குப் பிடிபடவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் முழுசாக நம்பவில்லை.

வேலை போன இரண்டு மாதமும் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். இரண்டாவது முறை நான் அங்கே போயிருந்தபோது தங்கைக்கு ஒரு பெரிய ஆபரேஷன். ராத்திரி பன்னிரண்டரைக்கு மருத்துவமனையிலிருந்து கிளம்பி, மச்சானும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வெளிச்சமான கூடம், சிவப்பு வெள்ளைப் பலகை, அதே டக் டக். எங்கள் ஆர்டர் நம்பரைக் கூப்பிட்டார்கள். காகிதத்தில் பாதி சுற்றிய பர்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகுதான் டாக்டர் சொன்னதை எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன நடந்தாலும் அப்படியே இருக்கிற ஒரு இடம் மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. அது கோயிலாகவும் இருக்கலாம், பர்கர் கடையாகவும் இருக்கலாம். உங்கள் வெள்ளிக்கிழமைக்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கடையை ஆரம்பித்த ஸ்னைடர் குடும்பமும் கொஞ்சம் பட்டதல்ல. 1976-இல் ஹாரி போனார். 24 வயதில் பொறுப்பேற்ற மகன் ரிச் 1993-இல் விமான விபத்தில் இறந்தார். மூத்த மகன் கை (Guy) 1999-இல் இறந்தார். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த எஸ்தர் 2006 வரை இருந்தார். இப்போது நடத்துவது பேத்தி லின்சி. இத்தனைக்கும் நடுவில் பலகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் போனால் விமான நிலையத்தை ஒட்டி செபுல்வேடா சாலையில் இருக்கும் கடைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஃபிரைஸை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள்.

அன்புடன்