வாசகர் கேள்வி – பதில்: பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு மேடை

பட்டப்பின் படிப்பு மாணவர் சங்கங்கள் நடத்தும் பாராட்டு விழா பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்தவர்கள் சேர்ந்து சங்கம் நடத்துகிறோம். இந்த வருடப் பாராட்டுக்கு 23 பெயர்கள் வந்துள்ளன. கலாநிதிப் பட்டம் முடித்தவரும் இருக்கிறார், மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தவரும் இருக்கிறார். யாரைச் சேர்ப்பது என்று கூட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. என்ன செய்யலாம்?
— சங்கச் செயலாளர், ஹட்டன்

பெயர்கள் கைக்கு வந்த பிறகு விதி தேடினால் சண்டை வரத்தான் செய்யும். எந்த விதி சொன்னாலும் அது ஒரு ஆளைக் குறிவைத்ததாகவே படும். அடுத்த வருடம் விதியை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பெயர் கேளுங்கள். இந்த வருடத்துக்கு ஒரு வழி இருக்கிறது: பெயர்களை மறைத்து, சாதனையை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதை வைத்துப் பேசுங்கள். சூடு பாதி தணியும்.

முதலில் திகதியைத் தீர்மானியுங்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று வைத்தால், ஒரு பட்டம் எந்த வருடத்தில் சேரும்? பட்டமளிப்பு விழாவின் திகதியை எடுக்க வேண்டாம். பல்கலைக்கழக மூதவை (செனட்) முடிவை அங்கீகரித்த பின், பட்டம் எந்த நாளிலிருந்து செல்லும் என்று குறிப்பிட்டுக் கடிதம் தருவார்கள். அந்த நாள்தான் கணக்கு. பட்டமளிப்பு விழா பல மாதம் கழித்து நடக்கும். இரண்டையும் கலந்தால் ஒருவர் இரண்டு வருடம் மேடையேறுவார், இன்னொருவர் இரண்டிலும் விடுபடுவார்.

அடுத்தது, எல்லாவற்றையும் ‘முதுமாணி’ என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியாக மட்டும் படிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11, கலாநிதி 12. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆகவே 30 கிரெடிட் என்றாலே 1500 மணித்தியாலம். கிழமை நாளில் வகுப்பெடுத்துவிட்டு, சனி ஞாயிறில் பஸ் ஏறிக் கண்டிக்கும் கொழும்புக்கும் போய்ப் படித்த ஆசிரியருக்கு அந்த 1500 எப்படிக் கழிந்தது என்று அவர் வீட்டாருக்குத் தெரியும். ஆளை ஏற்றவோ இறக்கவோ இந்த மட்டங்கள் இல்லை. அறிவிப்பில் ‘ஆய்வுடன் கூடிய முதுமாணி’ என்று சரியாகச் சொல்வதற்கு உதவும். பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்த ஆசிரியர்களையும் விடாதீர்கள். மலையகச் சங்கங்களில் உறுப்பினர் பலர் ஆசிரியர்கள். தொழிலுக்குத் தேவையான படிப்புத்தானே என்று அதை ஒதுக்குவது நியாயமில்லை.

கட்டுரைகளில்தான் அதிகம் கவனம் வேண்டும். மாநாட்டுக்கு அனுப்பிய 250 சொல் சுருக்கமும், இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்துத் திருத்தி, ஆய்விதழில் வந்த முழுக் கட்டுரையும் ஒன்றல்ல. பெயர் தருபவரிடம் மூன்று விபரம் கேளுங்கள்: ஆய்விதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம், கட்டுரைக்கே உரிய நிரந்தர இணைய முகவரியான டி.ஓ.ஐ. இணைப்பு, எழுதியவர்கள் வரிசையில் இவர் எத்தனையாவது. இணைப்பை அழுத்தினால் கட்டுரை திறக்க வேண்டும். ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ளது என்று சொன்னால் அந்தப் பட்டியலில் ஆய்விதழின் பெயரை இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். நல்ல ஆய்விதழின் பெயரைத் திருடிய போலித் தளங்களும் உண்டு, அதனால் பெயரோடு இலக்கமும் பொருந்துகிறதா பாருங்கள். காசு கட்டிய மூன்றாம் நாள் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் தந்த இதழை மேடையில் ஏற்றாதீர்கள். அதில் எழுதிய பிள்ளை ஏமாற்றப்பட்டவராகவே இருக்கலாம். தனியாக அழைத்து விளக்குங்கள்.

மாநாட்டுச் சுருக்கம் தந்தவர்களுக்குத் தனி விருது வேண்டாம். பெயர்களையும் தலைப்புகளையும் ஒரே திரையில் காட்டி, எல்லோரையும் ஒன்றாக எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினால் போதும். அது குறைந்த மரியாதை இல்லை.

எங்கள் சங்கத்துக்கு உதவும் ஒருவர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றதாகச் சொல்கிறார். அவரையும் கௌரவிக்கக் கேட்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
— பட்டப்பின் மாணவி, பண்டாரவளை

முதலில், அது படித்துப் பெற்றதா, கௌரவமாகத் தந்ததா? ஆய்வேடு இருந்தால் அதன் தலைப்பு, மேற்பார்வையாளர் பெயர், அது வைக்கப்பட்டுள்ள நூலகம் ஆகிய மூன்றையும் சொல்ல முடியும். பிறகு பல்கலைக்கழகத்தின் பெயரை, சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் தேடுங்கள். சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். பதில் வரும்வரை அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

ஹோட்டல் மண்டபத்தில் அங்கி மாட்டிக் கட்டணத்துக்குத் தரும் ‘கௌரவ கலாநிதி’ப் பட்டங்கள் நம் நாட்டில் பெருகிவிட்டன. ஏழு வருடம் ஆய்வுகூடத்தில் நின்ற ஒருவரையும் அப்படி வாங்கியவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தால், முன்னவருக்கு நீங்கள் செய்வது பாராட்டாகாது. உதவி செய்தவரை உதவியாளராகவே, அவர் செய்த உதவியைச் சொல்லிக் கௌரவியுங்கள். பெரும்பாலானோர் அதை மனமார ஏற்பார்கள். எல்லோரிடமும் ஒரே படிவத்தில் மூதவைக் கடிதத்தின் பிரதி கேட்பது இன்னும் நல்லது. யாரையும் தனியாகச் சந்தேகித்ததாக இருக்காது.

வாய்மொழிப் பரீட்சை முடிந்துவிட்டது. அழைப்பிதழில் ‘கலாநிதி’ என்று போடலாமா?
— கலஹா வாசகர்

வேண்டாம். வாய்மொழிப் பரீட்சைக்குப் பின்னும் திருத்தங்கள் சொல்வார்கள். அவற்றைச் செய்து, மேற்பார்வையாளர் ஒப்பமிட்டு, ஆய்வேட்டைக் கட்டிக் கையளித்து, மூதவை அங்கீகரித்த பிறகே அந்தப் பெயர் உங்களுடையது. இந்த வருட விழாவில் ‘ஆய்வேடு சமர்ப்பித்து வாய்மொழிப் பரீட்சையில் தேறியவர்’ என்று சொல்லட்டும், அது உண்மை. ‘கலாநிதி’யை அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் விழா நான்கு மணித்தியாலம் நீண்டது. பெற்றோர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். எப்படிச் சுருக்குவது?
— சங்கத் தலைவர், தலவாக்கலை

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹட்டன் சங்கத்தைப் போல 23 பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விருந்தினரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், படம் என்று போனால் ஆளுக்கு 4 நிமிடம். மொத்தம் 92 நிமிடம். இதோடு தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை ஐந்தோ ஆறோ. பெற்றோர் எழுந்து போனதில் வியப்பில்லை. அவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து லயத்துக்கு மலை ஏறி நடக்கவும் வேண்டும்.

மாலையையும் பொன்னாடையையும் விட்டுவிடுங்கள். சான்றிதழும் படமும் மட்டும் என்றால் ஆளுக்கு 40 வினாடி. மிச்சப்படும் நேரத்தில் ஒவ்வொருவரும் தம் ஆய்வைப் பற்றி ஒரு நிமிடம் பேசட்டும். 23 பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 நிமிடம்தான். உரை இரண்டு போதும்: தலைமையுரை 5 நிமிடம், அந்தத் துறை தெரிந்த ஒருவரின் சிறப்புரை 15 நிமிடம். அரசியல் பிரமுகர் வந்தால் முன்வரிசையில் மரியாதையாக அமர்த்துங்கள். ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டால் அவருக்காக விழா காத்திருக்கும், அவர் போனதும் கூட்டமும் கலையும். அடுத்தடுத்த நான்கு பேர் மேடைப் படிக்கட்டருகே தயாராக நிற்கட்டும். பெயர் சொன்ன பிறகு பின்வரிசையிலிருந்து நடந்து வரும் நேரம்தான் விழாக்களைத் தின்கிறது.

காலை 9.30க்குத் தொடங்கி 12க்கு முடித்து, சாப்பாடு போட்டு அனுப்புங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் பிற்பகலில்தான் இடியோடு மழை இறங்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஆகவே பெப்ரவரி பொருத்தம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துச் சங்கங்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே வடகீழ் பருவமழை கொட்டும் மாதங்களை விட்டு, ஜூலை, ஓகஸ்டில் வைக்கலாம்.

நாள் ஞாயிறாகவோ போயாவாகவோ இருக்கட்டும். கொழுந்து அதிகமான காலத்தில் ஞாயிறிலும் வேலை கொடுப்பார்கள், தோட்டங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு முந்திய ஞாயிறு மட்டும் வேண்டாம், வருகிறவர்கள் பஸ்ஸுக்குக் கைமாற்று வாங்க வேண்டி வரும். போயா என்றால் இறைச்சிக்கடை திறக்காது, சாப்பாட்டை மரக்கறியாகவே வைத்துக்கொள்ளலாம். பாடசாலை மண்டபம் கேட்டால் அதிபரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள், வலயக் கல்வி அலுவலக அனுமதியும் எழுத்தில் தேவையா என்று கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டுக்கும் மூன்று கிழமைக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

ஒரு நிமிடத்தில் ஆய்வை எப்படிச் சொல்வது? தலைப்பைச் சொல்லவே அரை நிமிடம் ஆகிறது. அம்மாவுக்கு ஒன்றும் புரியாது.
— ஆய்வு மாணவி, இராகலை

அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் அது தலைப்பின் குற்றம். இந்த விழாவில் நாங்கள் மிக முக்கியமாக நினைப்பது இந்த ஒரு நிமிடத்தைத்தான். பிள்ளை என்ன படித்தது என்று வீட்டாருக்குக் கடைசிவரை தெரியாமலே பட்டத்துக்கு மட்டும் கைதட்ட வைக்கிறோம்.

தலைப்பை ஒரு தாளில் எழுதுங்கள். ‘மீதான தாக்கம்’, ‘பற்றிய பகுப்பாய்வு’, ‘ஓர் ஆய்வு’ எல்லாவற்றையும் வெட்டுங்கள். மிச்சம் நிற்கும் பெயர்ச்சொற்கள்தான் உங்கள் விஷயம். பிறகு நான்கு வாக்கியம் எழுதுங்கள்: கேட்பவர் கண்ணால் கண்ட ஒன்று, அதில் தெரியாமல் இருந்தது எது, நீங்கள் கையால் என்ன செய்தீர்கள், அதனால் என்ன தெரிந்தது. மேடையில் ஒரு நிமிடத்துக்கு 80 சொல்லுக்கு மேல் வேண்டாம். பதற்றத்தில் வேகம் கூடும், கைதட்டலுக்கு நிற்க வேண்டி வரும்.

தேயிலை நோய் பற்றிய ஆய்வு ஒன்றை இப்படிச் சொல்லலாம்: “நாலு நாள் மூட்டம் போட்டால் கொழுந்தில் கொப்புளம் வருமே, பார்த்திருப்பீர்கள். அது ஒரு பூஞ்சண நோய். 1946இல்தான் இலங்கைக்கு வந்தது. இலை எத்தனை நேரம் ஈரமாக இருந்தால் நோய் பிடிக்கும் என்று நான் தேயிலை மலையில் மணிக்கு மணி அளந்தேன். எந்த நாளில் மருந்து அடிக்கத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், செலவும் குறையும், மருந்து அடிப்பவர் மூச்சில் போவதும் குறையும்.”

இதில் நோயின் விஞ்ஞானப் பெயர் இல்லை. அது ஆய்வேட்டில் இருக்கிறது. எழுதி முடித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் “நல்லா இருக்கு” என்றால் இன்னும் புரியவில்லை. “அப்போ பனி விழுற நாளில்?” என்று திருப்பிக் கேட்டால் புரிந்துவிட்டது.

சமூக விஞ்ஞான ஆய்வு என்றால் ஓர் எச்சரிக்கை. உங்களுக்குப் பேட்டி தந்தவர்கள் அதே மண்டபத்தில் இருக்கலாம். தோட்டத்தின் பெயரையோ, ‘ஒரு குடும்பத்தில்’ என்று ஆளை அடையாளம் காட்டும் விபரத்தையோ மேடையில் சொல்ல வேண்டாம். ஆய்வேட்டில் மறைத்த பெயர் மேடையில் வெளியாகிவிடும்.

சான்றிதழில் பெயர்கள் பிழையாக அச்சாகிவிட்டன. திரும்ப நடக்காமல் இருக்க?
— சங்கப் பொருளாளர், நாவலப்பிட்டி

பிழை பெரும்பாலும் எழுத்துருவில் வருவது. நீங்கள் கைப்பேசியில் யுனிகோட்டில் தட்டி அனுப்புகிறீர்கள். பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. நேராக ஒட்டினால் குப்பையாகத் தெரியும், ஆகவே அவர்கள் திரும்பத் தட்டுகிறார்கள். அங்கேதான் ல, ழ, ள இடம் மாறுகிறது. மாற்றி மென்பொருளில் போட்டாலும் ‘ஸ்ரீ’ சில வேளை உடையும். பழைய வடிவமைப்பு மென்பொருளில் யுனிகோட்டை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். நீங்களே பக்கத்தை அமைத்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அச்சகத்தார் எழுத்தைத் தொட வேண்டியதே வராது.

பெயரை உரியவரே தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும். தலைப்பெழுத்து ‘எஸ்.’ ஆ, ‘சு.’ வா, ‘சி.’ யா என்று நீங்கள் ஊகிக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பட்டத்தில் ஒரு மாதிரியும் பெயர் உள்ளவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பட்டக் கடிதத்தில் உள்ள வடிவத்தையே எடுங்கள்.

தாளின் கனம் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு கிராம்). லெமினேட் செய்யாதீர்கள். நம் குளிரிலும் ஈரத்திலும் ஓரம் பிரிந்து உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பின்னால் கையொப்பமோ முத்திரையோ இடவும் முடியாது. மட்டை வைத்த பிளாஸ்டிக் கோப்பு போதும். எழுதாத சான்றிதழ் மூன்று மேலதிகமாக அச்சிட்டு வையுங்கள்.

நினைவுச் சின்னத்துக்கு ஒதுக்கிய காசு இருந்தால் ஒரு யோசனை: ஆய்வேட்டின் இன்னொரு பிரதியைக் கட்டுவித்து, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் சேர்த்து, அவர் முதலாம் ஆண்டு படித்த தோட்டப் பாடசாலையின் நூலகத்துக்குக் கொடுங்கள். சின்னம் அலமாரியில் நிற்கும். இதைப் பிள்ளைகள் புரட்டுவார்கள்.

எங்களோடு தொடங்கிய ஒருவர் குடும்ப நிலையால் படிப்பை நிறுத்திவிட்டார். விழாவுக்கு அழைத்தால் வருந்துவாரோ?
— வாசகி, மஸ்கெலியா

அழையுங்கள், அழைக்காமல் விட்டால்தான் அதிகம் வலிக்கும். மேடையில் அவர் பெயரைச் சொல்ல வேண்டாம், “எப்போது முடிப்பீர்கள்” என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழா முடிந்து ஒரு கிழமை போன பிறகு பேசுங்கள். அவருடைய பதிவு இன்னும் செல்லுமா, காலாவதித் திகதி என்ன என்று பார்த்துச் சொல்ல ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். காலம் முடியுமுன் மேற்பார்வையாளரின் சிபாரிசோடு நீடிப்புக்கு எழுதுவது, முடிந்த பிறகு புதிதாகப் பதிவதை விட மிகச் சுலபம். பாடநெறி முதுமாணி என்றால், முடித்த பாடங்களின் கிரெடிட்டை வைத்து டிப்ளோமாவோ சான்றிதழோ பெற்று வெளியேற அந்த நெறியின் விதியில் இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டணப் பாக்கிதான் தடை என்றால் தொகையைக் கேட்டு, சங்கக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அன்றே பொருளாளரிடம் விசாரியுங்கள்.