கடற்படை மாலுமிகளுக்கு மீட்புப் பணம் எப்போது கிடைக்கும்?

கேள்வி: போர்க்காலத்தில் வணிகக் கப்பலைக் காப்பாற்றும் போர்க்கப்பல் மாலுமிகளுக்குத் தனியாகப் பணம் உண்டா? அது அவர்கள் கடமைதானே?

உண்டு. ஆனால் 'சால்வேஜ்' (மீட்புப் பணம்) என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சந்தேகம் வருகிறது.

எதிரி பிடித்துக்கொண்டுபோன கப்பலைத் திரும்பப் பிடித்துக் கொடுத்தால் அது போர் மீட்பு. பங்கு சட்டத்திலேயே எழுதியிருக்கும். பிரிட்டனின் 1864 சட்டப்படி கப்பல் மதிப்பில் எட்டில் ஒரு பங்கு. மிகுந்த சிரமமோ ஆபத்தோ இருந்தால் நான்கில் ஒன்று வரை போகலாம்.

மற்றது, கடலிலிருந்து காப்பாற்றுவது. இதற்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும், செய்த வேலை கடமைக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், கடைசியில் ஏதாவது பிழைத்திருக்க வேண்டும். கடற்படையினர் இடறுவது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். கான்வாய்க்கு (கூட்டமாகச் செல்லும் வணிகக் கப்பல்களுக்கு) காவல் போகும்போது நீர்மூழ்கியை விரட்டியடித்தால் அது கடமை, பணம் கிடையாது. ஆட்கள் கைவிட்டுப்போன கப்பலில் ஏறி, ஓட்டையை அடைத்து, தண்ணீரை இறைத்துக் கரைசேர்த்தால் கோரலாம்.

ஓடன்வால்ட் வழக்கு இதற்கு மிகத் தெளிவான உதாரணம். 1941 நவம்பர் 6, அட்லாண்டிக் நடுக்கடல். 'வில்மோட்டோ, பிலடெல்ஃபியா' என்று பெயர் மாற்றி அமெரிக்கக் கொடியுடன் வந்த ஓடன்வால்ட் என்ற ஜெர்மன் கப்பலை ஒமாஹா, சோமர்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மறித்தன. உள்ளே சுமார் 3,800 டன் ரப்பர். ஜெர்மானியர்கள் வெடிவைத்துவிட்டுப் படகுகளில் இறங்கிவிட்டார்கள். ஒமாஹாவின் ஆட்கள் அந்தக் கப்பலில் ஏறி, தண்ணீர் புகுவதை நிறுத்தி, அதைப் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

1947-இல் நீதிமன்றம் கப்பலில் ஏறியவர்களுக்கும் அதை ஓட்டிவந்தவர்களுக்கும் தலைக்கு 3,000 டாலர் கொடுத்தது. இரண்டு போர்க்கப்பல்களின் மற்ற ஆட்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும் படிகளும். பலர் இதைப் 'போர்க் கொள்ளைப் பங்கு' (எதிரிக் கப்பலைப் பிடித்தவர்களுக்குத் தரும் பணம்) என்று எழுதுகிறார்கள், அது தவறு. அந்தப் பங்கை அமெரிக்கா 1899-லேயே ஒழித்துவிட்டது. சம்பவ நாளில் இரு நாடுகளுக்கும் இடையே போர் அறிவிக்கப்படவும் இல்லை. அதனால்தான் இது சாதாரண சால்வேஜாக நின்றது.

பிரிட்டனில் இன்னொரு முடிச்சு இருந்தது. 1894 சட்டப்படி, மாலுமிகள் வழக்கு நடத்துவதற்கு அட்மிரால்டியின் (கடற்படை நிர்வாகத்தின்) சம்மதம் வேண்டியிருந்தது. சம்மதத்தை நிரூபிக்காவிட்டால் வழக்கு செலவுத்தொகையோடு தள்ளுபடி. போர்க்கப்பலுக்கு நேர்ந்த சேதத்துக்கோ அதன் உழைப்புக்கோ அன்று எதுவும் கேட்க முடியாது. ஆட்களின் சொந்த உழைப்புக்கு மட்டுமே கணக்கு. வழக்குப் போட 1911 சட்டம் இரண்டு வருடக் கெடுவும் வைத்தது.

வழக்கில் நிற்பது லாக் புத்தகம்தான் (கப்பலின் அன்றாடப் பதிவேடு). ஏறிய நேரம், கப்பல் இருந்த இடம், காற்று, சரக்கறையில் எத்தனை அடி தண்ணீர், எந்த வால்வை யார் மூடினார் என்பதை அன்றன்றைக்கே எழுத வேண்டும். 'எல்லோரும் உதவினார்கள்' என்று எழுதினால், உள்ளே இறங்கி உயிரைப் பணயம் வைத்தவருக்கும் தளத்தில் நின்றவருக்கும் ஒரே பங்குதான் வரும். அது அநியாயம். கப்பல், சரக்கு இரண்டின் மதிப்பையும் கரைசேர்ந்த இடத்திலேயே குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் பிழைத்த சொத்தின் மதிப்பைத் தாண்டி ஒரு பைசாகூடக் கிடைக்காது.