போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

கேள்வி: டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் வான்வழித் தூரம் சுமார் 8,800 கி.மீ., பயண நேரம் 9 மணி 45 நிமிடம் என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. டிக்கெட்டிலோ டோக்கியோவிலிருந்து போக 10 மணி நேரம், திரும்பி வர 11 மணி 45 நிமிடம். வரும்போது அலாஸ்கா பக்கமாக வேறு சுற்றுகிறார்கள். கட்டணத்தை ஏற்றத்தான் இந்தச் சுற்றா?

பதில்: விமான கம்பெனியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் சுவரில் தொங்கும் வரைபடத்தைச் சந்தேகப்படுங்கள். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால், பசிபிக்கின் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டால் அதுதான் குறுக்குவழி என்று தோன்றும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 9,300 கி.மீ. ஆகும். உருண்டையான பூகோளத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே 48 பாகை வரை ஏறி இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 8,800. நீங்கள் சுற்று என்று நினைக்கும் பாதை, உங்கள் நேர்கோட்டைவிட 500 கி.மீ. குறைவு.

சரி, 9 மணி 45 நிமிடம் எங்கிருந்து வந்தது? 8,800-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் காற்றே இல்லை. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் வட பசிபிக்கின் மேல் அது மிகவும் பலமாக இருக்கும். மணிக்கு 100 கி.மீ. காற்று என்றே வைத்துக்கொள்வோம். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 1,000, திரும்பும்போது 800. முதலாவதற்கு 8 மணி 48 நிமிடம், இரண்டாவதற்கு 11 மணி நேரம். அதனால்தான் கிழக்கே போகும் விமானி தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று தெற்கே இறங்கிக் காற்றைப் பிடித்துக்கொள்கிறார். திரும்பும்போது அதே காற்றுக்கு விலகி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் பக்கமாக வடக்கே ஏறுகிறார். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில், ஏழு மணி நேரம் பிடிக்கும் நியூயார்க்–லண்டன் பயணத்தை ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது.

காற்று மட்டுமல்ல, அரசியலும் நேரத்தை மாற்றும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022-இல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடிய பிறகு சுமார் 13 மணி நேரம். ஊருக்கு ஊர் உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. அந்த வகுத்தல் கணக்கு மட்டும் இன்றைக்கும் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாகவே காட்டும்!

எனக்குக் கவலையெல்லாம், அந்த இணையதள நேரத்தை நம்பி யாராவது இணைப்பு விமானத்துக்குப் பதிவு செய்துவிடுவார்களே என்பதுதான். டிக்கெட்டில் இருப்பது, விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுதளம் சேர்ந்து, பறந்து, இறங்கி, மறுபடி வந்து நிற்கும் வரைக்குமான நேரம். அதை வைத்துத் திட்டமிடுங்கள். அப்புறம், புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலையில் இறங்குவீர்கள்.