‘லெஸ்’ என்றால் குறைவா, இல்லையா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘லெஸ்’ என்றால் குறைவு, ‘கேர்லெஸ்’ என்றால் கவனக்குறைவு. அப்படியிருக்க, ‘ஹோம்லெஸ்’ மட்டும் ஏன் வீடே இல்லாதவரைக் குறிக்கிறது? மொழிபெயர்க்கும்போது எதைக் கொள்வது?

பதில்: உங்களைக் குழப்பியது ‘கவனக்குறைவு’ என்ற நம் சொல்தான். வழக்கில் ஊறிவிட்ட நல்ல சொல் அது. ஆனால் ‘கேர்லெஸ்’ என்பதன் நேர்ப்பொருள் கவனமற்ற என்பதே.

இங்கே இருப்பவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரண்டு சொற்கள். குறைவைக் குறிக்கும் ‘லெஸ்’, பழைய ஆங்கிலத்தின் ‘லேஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஒட்டாக வரும் ‘லெஸ்’ஸுக்கு மூலம் ‘லேயஸ்’. அதற்கு ‘நீங்கிய, இல்லாத’ என்று பொருள். தளர்ந்ததைச் சொல்லும் ‘லூஸ்’ இதற்கு உறவு. ஜெர்மன் மொழியில் வேலையற்றவரைச் சொல்லும் ‘ஆர்பைட்ஸ்லோஸ்’ என்பதில் உள்ள ‘லோஸ்’ஸும் அப்படியே. சொல்லின் கடைசியில் அழுத்தமின்றி நின்று ஒலி குறுகியதால், கேட்பதற்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எனவே ஒட்டாக வந்தால் ‘அற்ற’ என்று தொடங்குங்கள். ‘பிரைஸ்லெஸ்’ விலையில்லாதது அல்ல, விலை சொல்லவே முடியாதது. நம் ‘விலைமதிப்பற்ற’ அதே பாதையில்தான் நடக்கிறது. ‘வொர்த்லெஸ்’ஸோ மதிப்பே இல்லாதது. வினையோடு சேரும்போது ‘முடியாத’, ‘ஓயாத’ என்ற பொருள் கிளைக்கும்: ‘கவுன்ட்லெஸ்’ எண்ணி மாளாதது, ‘டயர்லெஸ்’ சோர்வறியாதது.

எனக்கு மிகவும் பிடித்தவை, முதற்பாதி மங்கிப்போன சொற்கள். ‘ரூத்லெஸ்’ஸில் உள்ள ‘ரூத்’ என்றால் இரக்கம். இன்று இரக்கத்தை அப்படிச் சொல்பவர் அரிது. இரக்கமின்மையைச் சொல்லும் சொல் மட்டும் வாழ்கிறது! ‘லிஸ்ட்லெஸ்’ஸில் இருப்பதும் பட்டியல் அல்ல, விருப்பத்தைக் குறித்த பழைய சொல். எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்திருப்பவரை அது குறிக்கிறது.

‘அன்லெஸ்’, ‘நெவர்தலெஸ்’ இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் இருப்பது குறைவைக் குறிக்கும் ‘லெஸ்’தான்.

உணவுப் பொட்டலத்தின் வாசகத்தை மொழிபெயர்ப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘லெஸ் சுகர்’ என்றால் சர்க்கரை குறைவு; ‘சுகர்லெஸ்’ என்றால் சர்க்கரையே இல்லை. நீரிழிவு உள்ள ஒருவர் அந்த வரியை நம்பித்தான் அதை வாங்குவார்.