தெர்சுவும் தண்ணீர் கேனும்

வணக்கம் ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நீங்கள் முன்பு சொல்லியிருந்த ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'தெர்சு உசாலா' படத்தைப் போன சனிக்கிழமை இரவு பார்த்தேன். காட்டில் வாழும் தெர்சு நெருப்பையும் தண்ணீரையும் புலியையும் 'ஆள்' என்றே சொல்வதும், கண் மங்கியதால் நகரத்துக்கு வந்து தவிப்பதும் மனதைப் பிசைந்துவிட்டன. அழுதேன். இனி இயற்கைக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. விடிந்ததும் தண்ணீர் கேன் போடும் பையனுக்குக் காசு கொடுத்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பாலாற்றுப் பாலத்தில் வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். புதன்கிழமைக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. என் சம்பளமே தோலிலிருந்துதான் வருகிறது. அந்த அழுகை பொய்தானா?

க., ஆம்பூர்

அன்புள்ள க.,

பொய்யில்லை. ஆனால் அதில் பாதி குரோசவாவுடையது. உறைந்த ஏரிக்கரையில் இருட்டுவதற்குள் தெர்சுவும் அவருடைய நண்பரான ரஷ்ய அதிகாரியும் நாணலை அறுத்துக் குவிக்கும் காட்சியில், வேலூர் வெயிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கே குளிர்கிறது. குரோசவா தூண்டிவிட்டது மூன்று நாளில் வடிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீதிப் பாதி உங்களுடையது. அது கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: கேன் போடும் பையனுக்குக் காசு கொடுத்தது. படத்தில் கபரோவ்ஸ்க் நகரத்து வீட்டில் தண்ணீருக்குக் காசு கொடுப்பதைப் பார்த்து தெர்சு கத்துவாரே, ஆற்றில்தான் இவ்வளவு கிடக்கிறதே என்று? அந்த இடத்தில் நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் முதல் தடவை சிரித்தேன்.

என் அம்மா ஊர் பள்ளிகொண்டா பக்கம். கோடை விடுமுறையில் ஆற்று மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று கசியும். முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அப்புறம் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவோம். 'தண்ணியில்லாத ஆறு' என்று வேலூரைக் கேலி பேசிய காலம்தான் அது. மேலே ஓடவில்லையே தவிர, அடியில் இருந்தது. ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கே பாய்ச்சினார்கள். பிறகு மணல் லாரியேறிப் போயிற்று, இருந்த நீரில் உப்பேறியது.

உங்கள் சம்பளத்துக்கு வருகிறேன். தோல் வேலை இங்கே பழையது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத்தான் பதனிட்டார்கள். 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை அனுப்பச் சொன்னபோதுதான் பதனிடும் ரசாயனமான குரோமியம் இந்தப் பக்கம் பெருகியது. தோல் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பே சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று நாடெங்கும் வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடுவது அதையும் காட்டித்தான். இருந்தும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் செத்தார்கள், தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள். ஆற்றைக் கெடுக்கிற கழிவு முதலில் விழுவது உங்களைப் போன்றவர்கள் மேல்தான். உங்கள் கம்பெனிக்கு வரும் தோல் எங்கே பதனிடப்படுகிறது, அந்தக் கழிவு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று சூப்பர்வைசராகிய நீங்கள் கேட்கலாம். பதில் வராவிட்டாலும் இரண்டாவது தடவை கேளுங்கள்.

தெர்சு தண்ணீரை 'ஆள்' என்றது உங்களுக்குப் புதிதாக இருந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு வந்தபோது ஊரே பாலத்தில் நின்றது. நானும் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டு, "இத்தனை நாள் எங்கடி போயிருந்த?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படிப் பேசக்கூடியவர்கள் இருப்பார்கள். அவர்கள் சின்ன வயதில் எந்தத் துறையில் ஊற்றுத் தோண்டினார்கள் என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.