தூரம் ஒன்று, நேரம் இரண்டு: விமானப் பயணக் கேள்வி பதில்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம் ஆகிறது. திரும்பி வர 7 மணி நேரம்தான். தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான், சுமார் 5,540 கி.மீ. காற்றுதான் வேறு. விமானங்கள் பறக்கும் உயரத்தில், தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. மேலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்று ஆறாக ஓடுகிறது. கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும். மேற்கே போகிறவரை மறிக்கும். 2020 பிப்ரவரியில் அது உக்கிரமாக வீசிய ஒரு நாளில், ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. இருக்கைத் திரையில் வேகம் 1,000 கி.மீ.யைத் தாண்டினால், பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடுமே?

பதில்: பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள், முழுதும் கிடைக்காது. 4,000 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றோடு 4 மணி, எதிர்த்து 5 மணி, ஆக 9 மணி. காற்றே இல்லாவிட்டால் 8 மணி 53 நிமிடம். எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறோம், அதனால் நஷ்டமே மிஞ்சுகிறது.

கேள்வி: லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானம் ஏன் கிரீன்லாந்து வழியாகச் சுற்றுகிறது?

பதில்: சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி. ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு நகரங்களிலும் நூலின் முனைகளை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி கிரீன்லாந்தின் மேல் படியும். தட்டையான வரைபடம் துருவப் பக்கத்து நிலத்தை இழுத்து அகலமாக்கிவிடுவதால்தான் நமக்கு அது வளைவாகத் தெரிகிறது.

கேள்வி: விமானம் எப்போதும் அந்த நூல் வழியேதான் போகுமா?

பதில்: இல்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. வட துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோதான் போக வேண்டியிருந்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் 'இரு நகர இடைத்தூரம்' என்ற எண்ணை மட்டும் வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நேரத்தைத் தோராயமாகக் கணக்கிட வழி உண்டா?

பதில்: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். 1,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் வரும். டிக்கெட்டில் இன்னும் கூடுதலாக இருக்கும். விமான நிலைய வாசலை (கேட்) விட்டு விமானம் நகர்ந்தது முதல் மறுமுனையில் வாசலில் நிற்கும் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: கடல் மைல் என்றால்?

பதில்: 1.852 கி.மீ.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: சரியாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டோக்கியோவுக்கு 17 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் புறப்படும்போது அங்கே அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி. அதோடு பறக்கும் 10 மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.