மகனிடம் சம்மதம் கேட்காதீர்கள்

கேள்வி: நான் ரியாத் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் தமிழ் மருத்துவர். பல உறுப்புகள் செயலிழந்த முதியவர் ஒருவருக்கு, இதயம் நின்றால் அதை மீண்டும் இயக்க முயல்வதில்லை என்று மூன்று மருத்துவர்கள் முடிவெடுத்திருக்கிறோம். "உயிர் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, முடிவு செய்ய நீங்கள் யார்?" என்று மூத்த மகன் கொதிக்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: அவர் சொல்வது உங்கள் முடிவுக்கு எதிரானதன்று. இறைவன் குறித்த ஆயுள் தவணையை இயந்திரத்தாலும் தள்ளிப்போட முடியாது என்பதும் அதே நம்பிக்கைதான். ஆனால் அதை அவரிடம் வாதமாக வைக்காதீர்கள். மார்க்கம் பேச மருத்துவமனையின் மார்க்க அறிஞரான ஆலிமை அழையுங்கள்.

மார்க்கத் தீர்ப்பு வழங்கும் சவூதியின் நிரந்தர ஃபத்வாக் குழு ஹிஜ்ரி 1409-இல் (1988-89) அளித்த 12086-ஆம் ஃபத்வா, நம்பகமான மூன்று மருத்துவர்கள் பலனில்லை என்று ஒருமித்துச் சொன்னால் இதயத்தை மீட்கும் முயற்சி தேவையில்லை என்கிறது. அதற்கு உறவினரின் கருத்து அவசியமில்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் குடும்பத்திடம் பேசவே வேண்டாம் என்று பொருள்கொள்வோர் உண்டு. எனக்கோ அது, தந்தையின் சாவுக்கு நானே இசைந்தேன் என்ற சுமை மகனின் தலையில் விழாமல் காக்கும் ஏற்பாடாகத் தெரிகிறது. ஆகவே "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று அவரிடம் கேட்காதீர்கள். நிலைமையைச் சொல்லி, பொறுப்பு எங்களுடையது என்று சொல்லுங்கள்.

உட்கார்ந்து பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலையை மகனிடமே கொடுப்பது கொடுமை. நெஞ்சை அழுத்தினால் விலா எலும்புகள் முறியக்கூடும், அதைத் தாங்கியும் அவர் மீளமாட்டார் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். வலிக்கு மருந்தும், உடலைத் துடைத்துத் திருப்பிப் படுக்கவைப்பதும் கடைசிவரை தொடரும் என்பதை இரண்டு முறையாவது சொல்லுங்கள், ஏனென்றால் "முயலமாட்டோம்" என்ற சொல் அவர் காதில் "கைவிட்டோம்" என்றுதான் விழுந்திருக்கும். ஏற்கெனவே ஓடும் செயற்கைச் சுவாசக் கருவியை நிறுத்துவது வேறு கேள்வி. மூளை முழுவதும் செயலிழந்து மீளாது என்று நிபுணர்கள் உறுதிசெய்த நிலையில் கருவியை அகற்றலாம் என்று 1986-இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதெமி தீர்மானித்தது. உங்கள் நோயாளி அந்த நிலையில் இல்லையென்றால் இரண்டையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள்.

சகராத் என்னும் உயிர் பிரியும் வேளையில் காதருகே கலிமா என்னும் நம்பிக்கை வாசகத்தை நினைவூட்டவும், குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதவும், உதட்டை மக்காவின் ஸம்ஸம் நீரால் நனைக்கவும் அவர்கள் விரும்புவார்கள். அதற்கு நேரம் வேண்டும்; நேரம் கிடைக்க வேண்டுமானால் நீங்கள் இன்றே பேசியாக வேண்டும். நோயாளியின் மனைவியையும் உள்ளே வரவிடுங்கள். கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித் திருப்ப குழாய்கள் இடம்கொடுக்குமா என்று, அவர்கள் வருவதற்கு முன்பே செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.